பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்

திருச்சியிலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டுக்கு வந்தால் சாலைகள் பிரியும். ஒன்று மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூருக்குப் போகிறது. இன்னொன்று கிழக்கே திரும்பி லால்குடிக்குப் போகிறது. முதல் சாலையின் பெருமையை ஊரே அறியும். மண்ணச்சநல்லூர் பொன்னி என்று சாக்கில் அச்சடித்திருந்தால் கடைக்காரர் மறுபேச்சுப் பேசமாட்டார். லால்குடிச் சாலை வழியாக வெளியூர் போன சரக்குக்குச் சாக்கும் கிடையாது, முத்திரையும் கிடையாது. லால்குடி, பூவாளூர், ஆற்றுக்கு இந்தப் பக்கம் மலைக்கோட்டைத் தெருக்கள், ஸ்ரீரங்கம், இன்னும் தெற்கே போனால் புதுக்கோட்டை என்று இந்த வட்டாரம் நூறு வருஷத்துக்கு மேலாகக் கர்நாடக இசைக்குக் கொடுத்துவந்தது பக்கவாத்தியக்காரர்களை.

பாடகர்களும் இங்கிருந்து போனார்கள், இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் பாடகருக்கு விளம்பரம் தேவையில்லை. சபா நோட்டீஸில் அவர் பெயர்தான் பெரிய எழுத்து. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘வயலின்’, ‘மிருதங்கம்’, இடமிருந்தால் ‘கடம்’, ‘கஞ்சிரா’. அந்தப் பொடி எழுத்துக்காரர்களை எடுத்துவிட்டால் நாம் இன்று கேட்கும் கச்சேரி என்கிற வடிவமே இருக்காது. ஒரு பாடகரின் பாணி என்று நாம் கொண்டாடுவதில் கணிசமான பங்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உண்டாக்கிக் கொடுத்தது.

இதைக் கச்சேரி ரசிகர்களிடமே சொல்லிப் புரியவைப்பது கடினம். மிருதங்கக்காரருக்கு மூன்று மணி நேரத்தில் தனக்கென்று கிடைப்பது தனி ஆவர்த்தனம் ஒன்றுதான். அது தொடங்கிய மறு நிமிஷம் அரங்கில் பாதிப் பேர் எழுந்து கேன்டீனுக்குப் போவார்கள். டிசம்பர் சீசனில் காபி, போண்டா வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம் எது என்று சென்னை சபா கேன்டீன்காரர்களைக் கேட்டால் தெரியும்.

வயலின் என்ன செய்கிறது? பாடகர் ராக ஆலாபனை செய்யும்போது ஒரு கணம் பின்தங்கி, அவர் பிடித்த பிடியை அப்படியே நிழலாகத் தொடர்கிறது. பாடகர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் அவர் விட்ட ஸ்வரத்தை வில் பிடித்துக்கொள்கிறது. சபையில் மௌனம் விழுவதில்லை, சுருதியும் கலைவதில்லை. பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கும் நாளில் மேல் ஷட்ஜத்தை வயலின்தான் காப்பாற்றும். அப்புறம் வயலின்காரர் முறை வரும். அதே ராகத்தைத் தன் கற்பனையில் வாசிக்கலாம்; ஆனால் பாடகர் எடுத்த நேரத்தைவிடக் குறைவாக. எழுதாத சட்டம் அது. நிரவலிலும் கற்பனை ஸ்வரத்திலும் பாடகர் ஒரு ஆவர்த்தனம் விட்டால் இவர் அதற்கு அந்தக் கணமே பதில் சொல்ல வேண்டும். இவை எதற்கும் பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. அடுத்து என்ன பாட்டு வரப்போகிறது என்பதே பல சமயம் பாடகர் வாயைத் திறந்த பிறகுதான் வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் தெரியும்.

தன் சொந்தக் கற்பனையை இரண்டு நிமிஷத்துக்குள் காட்டிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அடுத்தவர் கற்பனையைத் தாங்கிப் பிடிப்பது. இந்த வித்தையைக் கற்றுத்தர எந்தப் புத்தகமும் இல்லை.

வயலின் நம் ஊர் வாத்தியமும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் தேர்ச்சி பெற்று, 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசாகப் பெற்றார். நின்றுகொண்டு தாடைக்கடியில் வைத்து வாசித்த வாத்தியத்தை உட்காரவைத்து, நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் இடையில் அணைத்துப் பிடித்ததும், கமகம் வழுக்கிக்கொண்டு வர இடது கை தாராளமாக ஓடியது. தந்திகளின் சுருதியையும் மாற்றினார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள்தான். குரலோடு போக வேண்டும் என்கிற கட்டாயம் அவர்களுக்குத்தானே இருந்தது.

அந்தக் கட்டாயம் எவ்வளவு தூரம் ஒருவரைத் துரத்தும் என்பதற்கு மைசூர் சௌடையாவே சாட்சி. ஒலிபெருக்கி வராத காலத்தில் செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றோரின் கனத்த சாரீரத்துக்கு முன்னால் நாலு தந்தி வயலின் கடைசி வரிசை வரை கேட்பது கஷ்டம். சௌடையா கூடுதல் தந்திகள் பூட்டி ஏழு தந்தி வயலினைச் செய்துகொண்டார். பாடகர் கூட்டத்தை ஈர்க்க, பக்கவாத்தியக்காரர் வாத்தியத்தையே மாற்றிக் கட்டினார்.

திருச்சியில் இந்தக் கதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையிடமிருந்து தொடங்குகிறது. 1879இல் பிறந்தவர், 1931இல் மறைந்தார். அந்தத் தலைமுறை வயலின் என்று சொல்லாது. ‘பிடில் கோவிந்தசாமிப் பிள்ளை’ என்றால் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கத் தெரியும். பாடகருக்குச் சமமான மரியாதையோடு மேடையேறிய முதல் சில வயலின் வித்வான்களில் அவர் ஒருவர். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நடந்த காலத்தில் அதன் முக்கியப் பொறுப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார். அவருடைய சீடர் பாப்பா கே.எஸ். வெங்கட்ராமையா அடுத்த தலைமுறையின் பெரிய பெயர். 1962இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் அவருக்குக் கிடைத்தது. குருவின் காலத்தில் அந்தப் பட்டமே இல்லை.

கோவிந்தசாமிப் பிள்ளையின் பெயரோடு சேர்த்துப் பழைய ரசிகர்கள் சொல்லும் இன்னொரு பெயர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. லயத்தில் யாருக்கும் சளைக்காத பாடகர். அவர் கச்சேரியை ‘ஃபுல் பெஞ்ச்’ என்பார்கள். ஹைகோர்ட்டில் பல நீதிபதிகள் சேர்ந்து உட்காருவது போல வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம். கஞ்சிராவுக்குப் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோலுக்கு மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளை. இந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து கணக்கு வழக்குத் தவறாமல் பல்லவி பாடி வெளியே வருவதுதான் அன்றைக்குப் பாடகரின் தகுதி. தாளத்தில் சோம்பேறியாக இருக்க அவர்கள் விடவில்லை. நாயனாப் பிள்ளையின் லயம் அவ்வளவு கூர்மையாக இருந்ததற்கு எதிரில் சவால் விட்டவர்களும் ஒரு காரணம் என்று எண்ண இடமிருக்கிறது.

தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் குரு மாமுண்டியா பிள்ளை. இன்று கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக ஆக்கியவர் என்று எல்லோரும் அவரைத்தான் சொல்கிறார்கள். பலா மர வளையத்தில் உடும்புத் தோலை ஒட்டிய, ஒரு கைக்குள் அடங்கும் வாத்தியம். ஓரத்தில் செருகிய காசுகள் குலுங்கும். பஜனையில் தட்டிக்கொண்டிருந்த அதில் மிருதங்கத்தின் சொற்கள் அத்தனையையும் ஒரே உள்ளங்கையால் கொண்டுவந்தார். மாமுண்டியா பிள்ளை, தட்சிணாமூர்த்திப் பிள்ளை, பழனி முத்தையா பிள்ளை என்று வளர்ந்த அந்த வழிக்குப் புதுக்கோட்டைப் பாணி என்று பெயர். தஞ்சாவூர்ப் பாணிக்கு எதிரில் வைத்துப் பேசுவார்கள். தவிலின் கணக்கு அதில் ஊறியிருந்தது.

(உடும்புத் தோல் பற்றி ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும்தான். பழைய நாதம் வரவில்லை என்று மூத்த வித்வான்கள் முணுமுணுப்பார்கள். உடும்புகள் என்ன நினைக்கின்றன என்று யாரும் கேட்டதில்லை.)

முத்தையா பிள்ளையின் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை. 1908இல் பிறந்தவர். இடது கைப் பழக்கம். சாதாரணமாக மிருதங்கக்காரர் பாடகரின் வலது பக்கம் உட்காருவார். அப்போதுதான் வலது கை வாசிக்கும் வலந்தலை சபையைப் பார்த்திருக்கும். இடது கைக்காரர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். அப்படியானால் வயலின்காரரும் தன் இடத்தை விட்டு எழுந்து மறுபக்கம் போக வேண்டும். பல வயலின்காரர்கள் அதற்கு ஒப்பவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்காக ஒரு மகா கலைஞனுக்கு ஆரம்பத்தில் மேடைகள் கிடைக்காமல் போயின. கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் செம்பை வைத்தியநாத பாகவதர். இளம் பக்கவாத்தியக்காரர்களைக் கண்டெடுத்து மேடையேற்றுவதில் செம்பைக்கு நிகர் அன்று யாரும் இல்லை. சிறுவனாக இருந்த பாலக்காடு மணி ஐயரையும் சென்னைக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான்.

பழனி வாசிப்பின் சிறப்பு அவருடைய தொப்பியில் இருந்தது. தொப்பி என்பது மிருதங்கத்தின் பெரிய பக்கம். கச்சேரிக்கு முன் அதன் நடுவில் ஈர ரவையை அப்பி நாதத்தைக் கீழிறக்குவார்கள். அந்தப் பக்கத்தில் மணிக்கட்டால் அழுத்தி இழுத்தால் ‘கும்’ என்று குழைந்து எழும் ஒலிதான் கும்கி. மற்றவர்கள் எல்லாம் வலந்தலையில் சொற்களைப் பொழிந்துகொண்டிருந்தபோது பழனி தொப்பியைப் பாடவைத்தார். வாசிக்காமல் விட்ட இடங்களும் அவருக்குப் பேர் வாங்கித் தந்தன. பாட்டில் ஒரு வரி நெகிழ்ந்து போகும் இடத்தில் கையை எடுத்துவிடுவார். மறுபடி அவர் உள்ளே வரும் இடத்தில் அந்த வரிக்குப் புது எடை வந்திருக்கும்.

ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரிகளில் இது நன்றாகத் தெரியும். (சகோதரர்கள் என்று பெயர்தான். ஒருவர் ஆலத்தூர் வெங்கடேச ஐயரின் மகன், மற்றவர் அவரிடம் கற்ற சீடர்.) சிக்கலான தாளங்களில் பல்லவி பாடுவதற்குப் பேர்போன ஜோடி. அந்தக் கணக்கைப் பாடகர்கள் மனசுக்குள் வைத்துக்கொண்டு போட்டுக்காட்டினால் போதாது. எதிரில் இருப்பவர் அதைக் கேட்ட கணத்தில் பிடித்துத் திருப்பித் தர வேண்டும். பழனி போன்ற ஒருவர் பக்கத்தில் இருந்ததால்தான் அவர்கள் அத்தனை தூரம் துணிந்தார்கள். ஆலத்தூர் பாணி என்று இன்று நூல்களில் எழுதுவதற்குள் பழனியின் கையும் இருக்கிறது. அதை யாரும் பழனி பாணி என்று எழுதுவதில்லை.

பழனி 1962இல், 54 வயதில் காலமானார். மியூசிக் அகாடமி மிருதங்கத்துக்கு முதல்முறையாகச் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. பட்டம் ஏற்பட்டு அதற்குள் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இங்கே கொஞ்சம் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையிலும் இதே கதைதான். சிகாகோ ப்ளூஸ் என்றால் மட்டி வாட்டர்ஸ் என்ற பெயர் வரும். அவருக்கு 1954இல் பெரும் புகழ் தேடித்தந்த பாட்டை எழுதியவர் பக்கத்தில் நின்று பாஸ் வாசித்த வில்லி டிக்சன். பியானோவில் ஓடிஸ் ஸ்பான். ஹார்மோனிகாவை மைக்கோடு கைக்குள் பொத்தி ஆம்ப்ளிஃபயரில் அலறவைத்து அந்தச் சின்ன வாத்தியத்தின் குரலையே மாற்றியவர் லிட்டில் வால்ட்டர். 1952இல் மட்டி வாட்டர்ஸின் ஒலிப்பதிவு நாளில் வால்ட்டர் பதிவு செய்த ‘ஜூக்’, ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் போனது. இவர்கள் இல்லாத மட்டி வாட்டர்ஸைக் கற்பனை செய்வது கஷ்டம்.

ப்ளூஸிலிருந்து கிளைத்த ராக் அண்ட் ரோலில் ஜானி ஜான்சன் கதை இன்னும் கசப்பு. செயின்ட் லூயிஸில் மூவர் குழு ஒன்றை நடத்திவந்த பியானோக்காரர். 1952ஆம் வருஷக் கடைசி நாளில் ஒருவர் வர முடியாமல் போக, பதிலுக்கு ஒரு கிடார்க்காரரை அழைத்தார். வந்தவர் சக் பெர்ரி. கொஞ்ச காலத்தில் குழு சக் பெர்ரியுடையதாகிவிட்டது. உலகப் புகழ் பெற்ற பாட்டுகள் வந்தன. எல்லாவற்றிலும் ஆசிரியர் பெயர் ஒன்றுதான். அந்தப் பாட்டுகள் பலவற்றை உருவாக்கியதில் தனக்கும் பங்கு உண்டு என்று 2000இல் ஜான்சன் வழக்குப் போட்டார். இத்தனை வருஷம் கழித்து வந்தால் எப்படி என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. உரிமை இருந்ததா இல்லையா என்கிற கேள்விக்கே அது போகவில்லை.

நம் ஊரில் யாரும் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள். பாட்டு தியாகராஜருடையது, ராகம் எல்லோருக்கும் பொது, வழக்குப் போட என்ன இருக்கிறது? இங்கே கிடைக்காமல் போவது காசைவிடப் பேர்தான். காசும்தான், ஆனால் அதைப் பற்றி வெளியே பேசுவது மரியாதை இல்லை என்று ஒரு பழக்கம்.

லால்குடி ஜெயராமனை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். உலகப் புகழ் பெற்றவர். பத்மஸ்ரீ 1972இலும் பத்மபூஷண் 2001இலும் வந்தன. ‘சிருங்காரம்’ படத்துக்கு இசையமைத்து தேசிய விருதும் வாங்கினார். மறக்கப்பட்டவர் என்று அவரைச் சொல்வது அபத்தம். ஆனால் அவர் அந்த இடத்துக்குப் போன பாதையைப் பார்க்க வேண்டும். 1930இல் பிறந்தவர். அவருடைய முன்னோர் லால்குடி ராமய்யர் தியாகராஜரின் நேரடிச் சீடர். அந்த உறவில் தியாகராஜர் லால்குடிக்கு வந்து பாடியவைதான் லால்குடி பஞ்சரத்தினம். தகப்பனார் கோபால ஐயரிடம் கண்டிப்பான பயிற்சி. பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியமாக மேடையேறினார். அதன் பிறகு பல வருஷங்கள் அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி, ஆலத்தூர், புல்லாங்குழல் மாலி என்று அந்தக் காலத்தில் பெரிய பெயர் யாரெல்லாம் உண்டோ அவர்கள் பக்கத்திலெல்லாம் உட்கார்ந்தார்.

இவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசை. அரியக்குடி நடு நடையில் கச்சிதமாகப் பாட்டுப் பாட்டாக நகர்த்துவார். ஜி.என்.பி.யின் பிருகா மின்னல். மதுரை மணி ஐயர் ஸ்வரத்தில் குழந்தை விளையாடுவது போலப் போவார். மாலி எந்த நிமிஷம் என்ன செய்வார் என்று மாலிக்கே தெரியாது. ஒரே இளைஞர் திங்கட்கிழமை ஒருவரின் நிழலாகவும் வியாழக்கிழமை இன்னொருவரின் நிழலாகவும் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான் லால்குடி பாணி. வாயால் பாடுவது போலவே, பாட்டின் சொல் எங்கே பிரிகிறதோ அங்கேயே வில்லும் பிரியும். சாகித்யம் தெரிந்தவருக்கு அவர் வாசிப்பில் எழுத்துகள் கேட்கும். பக்கவாத்தியம் அவருக்கு ஒரு படிக்கட்டு என்று சொல்வார்கள். உண்மையில் அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். 1965இல் எடின்பரோ விழாவில் அவரைக் கேட்ட யெஹூதி மெனுஹின் தன் இத்தாலிய வயலினையே பரிசாகக் கொடுத்தார். மறு வருஷம் புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கட்ராமன் இருவரோடும் சேர்ந்து வயலின், வேணு, வீணை என்று மூன்றும் முன்னால் உட்காரும் கச்சேரியைத் தொடங்கினார். அந்த மேடையில் பாடகர் என்று யாரும் இல்லை.

லால்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பூவாளூர். அங்கே 1942இல் பிறந்த சங்கரன், உறவினரிடம் முதல் பாடம் கற்றுப் பிறகு பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். 13 வயதில் ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் குருவோடு உட்கார்ந்து வாசித்ததுதான் அரங்கேற்றம். 1971இல் கனடா போய், பாடகர் ஜான் ஹிக்கின்ஸோடு சேர்ந்து டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் மிருதங்கத்துக்கும் கொன்னக்கோலுக்கும் பாடநூல்கள் எழுதினார். மேலை நாட்டு டிரம்ஸ் கலைஞர்களும் ஜாஸ்காரர்களும் தகதிமி, தகஜோணு என்று வாயால் சொல்லிப் பழகுவதில் அவருடைய பங்கு பெரிது. 2011இல் திருச்சி சங்கரனுக்குச் சங்கீத கலாநிதி கிடைத்தது. குருவுக்கு வராத பட்டம், அவர் போய் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து.

கொன்னக்கோல் மேடையிலிருந்து ஏறக்குறைய ஒழிந்துபோன காலம் ஒன்று இருந்தது. பக்கிரியாப் பிள்ளைக்குப் பிறகு ஆட்கள் குறைந்தார்கள். திருச்சி ஆர். தாயுமானவன் போன்ற ஒரு சிலர் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மோர்சிங்கில் ஸ்ரீரங்கம் கண்ணன் பெயர் ரசிகர்களுக்குத் தெரியும். இவை எல்லாம் ‘உபபக்கவாத்தியம்’. பக்கவாத்தியத்துக்கே நோட்டீஸில் பொடி எழுத்துதான் என்றால் உபபக்கவாத்தியத்தின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? மேடையில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டு விழுவது அவர்களுக்கு. செலவைக் குறைக்க வேண்டுமென்றாலும் அவர்களுக்குத்தான்.

இந்த வரிசையில் பெண்களின் இடம் இன்னும் பின்னால். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், 1910இல் பிறந்தவர், தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடமே மிருதங்கம் கற்றார். மிருதங்கம் வாசித்த முதல் பெண்மணி என்று அவரைச் சொல்வது வழக்கம். அந்தக் காலத்தில் ஆண் வித்வான்கள் பலர் பெண்களுக்குப் பக்கம் வாசிக்கவே ஒப்பமாட்டார்கள். பெண் தனக்குப் பக்கம் வாசிப்பது அதைவிடக் கூடாது. பாலக்காடு மணி ஐயரும் நெடுங்காலம் பெண் பாடகிகளுக்கு வாசிக்காமல் இருந்து, பின்னாளில் டி.கே. பட்டம்மாளுக்காகத் தளர்ந்தார். இரு குடும்பமும் சம்பந்தியானது அதற்கு உதவியிருக்கலாம். லால்குடியின் தங்கை ஸ்ரீமதி பிரம்மானந்தம், அண்ணனோடு ஜோடியாக மேடைகளில் வாசித்தார். சங்கீத கலாநிதி வாங்கிய முதல் பெண் வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமாரி, வருஷம் 2016.

நாகஸ்வரத்தின் பக்கம் திரும்பினால் கணக்கு வேறு மாதிரி. ஆந்திராவிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அங்கேயே வாழ்ந்து 1999இல் மறைந்த ஷேக் சின்ன மௌலானாவின் ஊர் இது. நாகஸ்வரக் கச்சேரியில் தவில்காரர் வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்கமாட்டார். தெருவில் புறப்பாடு போகும்போது தனி ஆவர்த்தனத்துக்குத்தான் கூட்டம் கூடும். கேன்டீனுக்குப் போகிறவர்கள் அங்கே கிடையாது. நோட்டீஸில் ‘ஸ்பெஷல் தவில்’ என்று தனி வரியில், நாகஸ்வரக்காரர் பெயருக்குச் சமமான எழுத்தில் போடுவார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி ஆகியோர் பெயரைக் கேட்டே கூட்டம் வந்தது. சபாக்களால் மிருதங்கத்துக்குத் தர முடியாத இடத்தைக் கோயில் வாசல் தவிலுக்குத் தந்திருக்கிறது. ஆனால் அதே மேளத்தில் ஒத்து ஊதியவர் பெயர் எந்த நோட்டீஸில் வந்தது? மணிக்கணக்காக ஒரே சுருதியை மூச்சுவிடாமல் ஊதினார். சுருதிப்பெட்டி வந்ததும் அவர் வேலை போயிற்று. சபாவில் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டியவர்களுக்கும் அதே கதி. 1970களின் பிற்பகுதியில் பெங்களூரில் மின்னணுத் தம்புரா விற்பனைக்கு வந்தது. அதற்குத் தட்சிணை கொடுக்க வேண்டியதில்லை, ரயில் டிக்கெட்டும் எடுக்க வேண்டியதில்லை.

மிருதங்கக்காரருக்கும் பின்னால் ஒருவர் இருக்கிறார். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் பார்த்து வாங்கி, வாரால் இறுக்கி, வலந்தலையில் கருப்பு மருந்தைச் சோற்றோடு குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்து நாதம் கொண்டுவருபவர். தஞ்சாவூரின் செபாஸ்டியன் குடும்பம் அப்படிப்பட்டது. அந்தக் குடும்பத்தின் பர்லாந்து பாலக்காடு மணி ஐயருக்கு வாத்தியம் செய்து தந்தவர். எந்தத் தோல், எவ்வளவு கனம், எங்கே எத்தனை அடுக்கு என்று இருவரும் சேர்ந்து செய்த சோதனைகளில்தான் இன்றைய கச்சேரி மிருதங்கத்தின் ஒலி உருவாயிற்று. பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்களான இவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை 2020இல் வெளியிட்டார். வெளியீட்டுக்கு அரங்கம் தருவதாகச் சொல்லியிருந்த கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியை ரத்து செய்தது. விழா வேறு இடத்தில் நடந்தது.

பக்கவாத்தியக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்த இடம் ஒன்றும் இருந்தது. 1939 மே 16ஆம் தேதி தொடங்கிய திருச்சி வானொலி நிலையம், வயலின், மிருதங்கம், வீணை, புல்லாங்குழல் வாசிப்பவர்களை நிலைய வித்வான்களாக வேலைக்கு எடுத்துக்கொண்டது. வெளியூரிலிருந்து பாடகர் ரயிலில் வந்து இறங்குவார். பக்கத்தில் நிலைய வித்வான் தயாராக இருப்பார். காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர், அடுத்த நாள் கதாகாலட்சேபம், அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாட்டு. பென்ஷன் உண்டு. பெரிய மேடை கிடையாது. சபா நோட்டீஸ் செய்யத் தவறிய ஒன்றை வானொலி செய்தது. நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும், பாடியவர் பெயரைச் சொன்ன அதே குரலில், வயலின் யார், மிருதங்கம் யார் என்று அறிவிப்பாளர் சொல்லுவார். வீட்டில் ரேடியோவை ஒலிநாடாவில் பதிந்தவர்கள் பலர் டேப்பை மிச்சம்பிடிக்க அந்த அறிவிப்பை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் பதிந்தார்கள். இப்போது அந்த நாடாக்கள் யூடியூபில் ஏறுகின்றன. பாடகர் பெயர் இருக்கும், வருஷம்கூட இருக்கும், வயலின் யாரென்று இருக்காது. வில் போடும் விதத்தையும் ஸ்வரத்தின் முடிப்பையும் கேட்டு ‘இது பாப்பா’, ‘இது லால்குடி’ என்று அடையாளம் சொல்லும் முதியவர்கள் ஸ்ரீரங்கத்திலும் திருச்சி தில்லைநகரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நாடாவைக் கையில் வைத்திருப்பவர்கள் இப்போதே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.